உடம்பிலேயே இருப்பதைக் கடையில் ஏன் வாங்குகிறோம்?

எங்கள் காலை நடைக் கோஷ்டியில் மொத்தம் ஏழு பேர். கோவை ரேஸ் கோர்ஸில் இரண்டு சுற்று முடித்துவிட்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டுக் கலைவது வழக்கம். பத்து வருடத்துக்கு முன்னால் அந்தப் பெஞ்சில் பேச்சு டிஏ அரியர், பென்ஷன், பிள்ளைகள் கல்யாணம் என்று போகும். இப்போது மாத்திரைதான் பேச்சு. யாருக்கு எத்தனை, காலையிலா ராத்திரியா, எந்தக் கடையில் எத்தனை சதவீதம் தள்ளுபடி என்று கணக்கு நடக்கும்.

போன வாரம் ஒரு நண்பர் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். பத்து கேப்சூல், 480 ரூபாய். கோ-என்சைம் க்யூ 10 என்று போட்டிருந்தது.

"பையன் வாங்கிக் குடுத்தானுங்க. உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் சக்தி குடுக்குதாம். கொலஸ்ட்ரால் மாத்திரை போடறவங்க இதையும் கட்டாயம் போடணுமாம். சார், நீங்க எஞ்சினியர், நாலு விஷயம் படிக்கிறவர். சொல்லுங்க, சாப்பிடலாமா?"

மற்ற ஐந்து பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் உடனே பதில் சொல்லவில்லை. நாலு வருடத்துக்கு முன் இதே கேள்விக்கு யாரையும் கேட்காமல் உடனே பதில் சொன்னவன் நான். அதற்குக் கொடுத்த விலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. "எழுதித் தரேன், படிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். இது அந்தப் பதில்.

முதலில் அது என்ன சாமான் என்று பார்ப்போம். இதைச் சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன். அதில் சில வருடங்கள் காடம்பாறையில். வால்பாறை மலையில், பாறையைக் குடைந்து பூமிக்கு அடியில் கட்டிய மின்நிலையம் அது. மொத்தம் நாலு மெஷின், ஒவ்வொன்றும் 100 மெகாவாட். அதன் விசேஷம் என்னவென்றால், ராத்திரி மின்சாரம் உபரியாக இருக்கும்போது மேல் ஆழியாறு அணைத் தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றி வைப்போம். தேவை கூடும் நேரத்தில் அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்போம். ஏற்றுவது, இறக்குவது, அவ்வளவுதான்.

ரிட்டயர் ஆன பிறகு, நம் உடம்புக்குள்ளேயும் இதே ஏற்பாடு இருக்கிறது என்று படித்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒவ்வொரு செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா என்று சின்னச் சின்ன மின்நிலையங்கள். நாம் சாப்பிடும் சோற்றிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் எலெக்ட்ரான்கள் பிரிகின்றன. அவை ஓடும் ஓட்டத்தில் சில பம்புகள் வேலை செய்து, புரோட்டான்களை ஒரு சவ்வின் மறுபக்கம் ஏற்றுகின்றன. ஏறிய புரோட்டான்கள் திரும்பி வரும் வழியில் ஒரு டர்பைன் இருக்கிறது. உவமைக்குச் சொல்லவில்லை, அது நிஜமாகவே சுழல்கிறது. 1997-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அது சுழல்வதை நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்தே விட்டார்கள். அந்தச் சுழற்சியில்தான் ஏடிபி என்கிற சக்திப் பொருள் உண்டாகிறது. ஒரு நாளில் நம் உடம்பில் உண்டாகிச் செலவாகும் ஏடிபியைச் சேர்த்து எடை போட்டால், ஏறக்குறைய நம் உடம்பு எடைக்கு வரும் என்கிறார்கள்.

இதில் க்யூ 10-க்கு என்ன வேலை? எங்கள் தொழிலில் ஒரு பம்பிலிருந்து இன்னொரு பம்புக்கு மின்சாரம் கொண்டுபோகக் கம்பி இருக்கும். இங்கே கம்பி கிடையாது. முதல் இரண்டு இடங்களிலிருந்து எலெக்ட்ரானை வாங்கி, மூன்றாவது இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வரும் ஓர் ஆள் இருக்கிறார். அந்த ஆள்தான் க்யூ 10. அவர் இல்லாவிட்டால் பம்பு நிற்கும், டர்பைன் நிற்கும், நாமும் நிற்போம்.

இதைக் கண்டுபிடித்தது 1957-ல். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெடெரிக் கிரேன் என்பவர், மாட்டு இதயத்திலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்து, அதிலிருந்து மஞ்சளாக ஒரு பொருளை எடுத்தார். அடுத்த வருடம் மெர்க் கம்பெனியில் கார்ல் ஃபோக்கர்ஸ் குழுவினர் அதன் வேதி அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். வாலில் பத்துக் கண்ணி இருப்பதால் 10 என்று பேர். எலிக்குப் பெரும்பாலும் ஒன்பது கண்ணிதான். இங்கிலாந்தில் லிவர்பூலில் மார்ட்டன் என்பவர் இதே பொருளுக்கு யுபிக்வினோன் என்று பேர் வைத்தார். எங்கும் இருப்பது என்று அர்த்தம். பிரகலாதன் கதையில் வருகிற மாதிரி, தூணிலும் உண்டு, துரும்பிலும் உண்டு.

ஏற்றி இறக்கும் இந்த ஏற்பாட்டை முதலில் சொன்ன பீட்டர் மிட்செலைப் பலரும் நம்பவில்லை. அவர் வயிற்றுப்புண் காரணமாகப் பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு, கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைப் பழுதுபார்த்து, அதிலேயே ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டார். 1978-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வேலையை விட்டபிறகும் வேலை செய்யலாம் என்பதற்கு நம் மாதிரி ஆட்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

ஆக, க்யூ 10 புருடா அல்ல. அத்தனையும் உண்மை. நான் சறுக்கியதும் இந்த இடத்தில்தான். என்னை ஏமாற்றியது பொய் அல்ல, உண்மைதான் என்னை ஏமாற்றியது.

என் மனைவியின் தம்பி உடுமலைப்பேட்டையில் இருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். 2018-ல் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து ராத்திரி ஒரு கொலஸ்ட்ரால் மாத்திரை, அட்டோர்வாஸ்டாடின் 40. மூன்று வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டார். அப்புறம் தொடையும் கெண்டைக்காலும் வலிக்கிறது, மாடிப்படி ஏற முடியவில்லை, எந்நேரமும் அசதி என்று போனில் சொல்ல ஆரம்பித்தார்.

அதே சமயம் என் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. கொலஸ்ட்ரால் மாத்திரை இதயத்தின் பேட்டரியை உறிஞ்சிவிடுகிறது, க்யூ 10 சாப்பிட்டால்தான் மீளலாம், டாக்டர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள் என்று. நான் அப்படியே நம்புகிற ஆள் இல்லை. உட்கார்ந்து ஒரு வாரம் படித்தேன். படித்தால், அடிப்படை சரியாக இருக்கிறது!

கொலஸ்ட்ராலும் க்யூ 10-ம் உடம்பில் ஒரே பாதையில் தயாராகின்றன. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஒரே ரோடு. அங்கிருந்து ஒன்று குன்னூருக்கும் ஒன்று கோத்தகிரிக்கும் பிரிகிறது அல்லவா, அது போல. ஸ்டாடின் மாத்திரை மறிப்பது மேட்டுப்பாளையத்துக்கு முன்னாலேயே. கொலஸ்ட்ராலுக்குப் போகிற வண்டியும் குறையும், க்யூ 10-க்குப் போகிற வண்டியும் குறையும். ஸ்டாடின் சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தில் க்யூ 10 அளவு குறைவதும் உண்மை. ஸ்டாடினையும் க்யூ 10-ஐயும் ஒரே மாத்திரையாகச் சேர்க்க மெர்க் கம்பெனியே 1990-ல் காப்புரிமை வாங்கி வைத்திருந்தது என்பதும் உண்மை. ஜப்பானில் 1974-லிருந்தே க்யூ 10-ஐ இதய பலவீனத்துக்குத் துணை மருந்தாக அனுமதித்திருக்கிறார்கள். அதுவும் உண்மை.

இத்தனை உண்மை கையில் இருக்கும்போது எஞ்சினியர் சும்மா இருப்பானா? போனைப் போட்டேன்.

"மாப்ளே, உங்க கால் வலிக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு. அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரையை மூணு மாசம் நிறுத்திப் பாருங்க. நான் ஒரு கேப்சூல் பேர் அனுப்பறேன், அதைப் போடுங்க."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்களா மச்சான்?"

"கேட்டா நிறுத்தாதீங்கன்னுதான் சொல்லுவாரு. வலி உங்களுக்கா அவருக்கா?"

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்ன வாயை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூன்று வாரத்தில் "வலி பாதி குறைஞ்சிருக்குங்க மச்சான்" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மூன்று மாதம் என்று சொன்னது எட்டு மாதம் ஆனது. நிறுத்தியது நிறுத்தியதாகவே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலு மணிக்குத் தங்கச்சியிடமிருந்து போன் வந்தது. மறுபடியும் மாரடைப்பு, கோவைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுவருகிறோம் என்று.

பிழைத்துக்கொண்டார். இன்னொரு குழாயில் இன்னொரு ஸ்டென்ட். மறுநாள் டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார், "எல்டிஎல் போன வருஷம் 64 இருந்திருக்கு. இப்ப 148. மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?"

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, "நானாத்தானுங்க நிறுத்தினேன்" என்றார்.

வெளியே வந்து வராந்தாவில் டாக்டரிடம் நானே உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நிறுத்தினதாலதான் வந்துதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. போட்டிருந்தாலும் சிலருக்கு வரும். ஆனா ஸ்டென்ட் வச்சவர் எட்டு மாசம் ஸ்டாடின் இல்லாம இருந்திருக்கக் கூடாது" என்றார். பிறகு கேட்டார், "கால் வலின்னு சொன்னீங்களே, தைராய்டு பார்த்தீங்களா?" பார்க்கவில்லை. பார்த்தபோது தைராய்டு சுரப்பு நன்றாகவே குறைந்திருந்தது. தைராய்டு குறைந்தால் தசை வலிக்கும், அசதியாக இருக்கும். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. என்னிடம் ஏற்கனவே பதில் தயாராக இருந்ததால், அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் இடம் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம்தான் மறுபடியும் உட்கார்ந்து படித்தேன். இந்த முறை, அந்தப் பொருள் உடம்பில் என்ன செய்கிறது என்பதை விட்டுவிட்டு, அதை விழுங்கிய மனிதர்களுக்கு என்ன ஆனது என்று தேடினேன். முதல் தடவை நான் கேட்கத் தவறியது இந்தக் கேள்விதான்.

லண்டனில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2020-ல் வெளிவந்தது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாடினை நிறுத்திய 60 பேரைப் பிடித்தார்கள். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு பாட்டில். நாலில் ஸ்டாடின், நாலில் மருந்தே இல்லாத போலி மாத்திரை, நாலு காலி பாட்டில். மாதம் ஒன்று, எந்த மாதம் எது என்று முன்கூட்டித் தெரியாது. எந்த மாத்திரை நிஜம், எது போலி என்பதும் தெரியாது. தினமும் தொந்தரவு எவ்வளவு என்று நூற்றுக்கு மார்க் போடவேண்டும். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. ஸ்டாடின் மாதங்களில் 16.3. போலி மாத்திரை மாதங்களில் 15.4! அதாவது தொந்தரவு உண்மையானது, வலி உண்மையானது, ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு மாத்திரை விழுங்குகிறோம் என்ற நினைப்பிலேயே வந்தது. இதைக் காட்டியதும் அந்த 60 பேரில் பாதிப்பேர் ஸ்டாடினை மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

"மூணு வாரத்தில் வலி பாதி குறைந்தது" என்று மாப்பிள்ளை சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் வலியில் பாதியை நான் அனுப்பிய செய்தியே உண்டாக்கியிருக்கலாம். மீதிப் பாதி தைராய்டு.

ஸ்டாடினால் நிஜமாகவே தசை வலி வருகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அவர்களுக்கு க்யூ 10 உதவுகிறதா என்றும் பார்த்திருக்கிறார்கள். 2015-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஸ்டாடினால் வலி என்று சொன்ன 120 பேரை முதலில் சோதித்தார்கள். ஸ்டாடினில் மட்டும் வலி, போலி மாத்திரையில் வலி இல்லை என்று உறுதியானது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான். அப்படி உறுதியானவர்களுக்கு க்யூ 10, தினமும் 600 மில்லிகிராம், நம் நண்பர் வைத்திருக்கும் கேப்சூலைப் போல ஆறு மடங்கு, கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறையவில்லை. சில சிறிய ஆய்வுகளில் கொஞ்சம் குறைந்தது என்றும் இருக்கிறது. மொத்தத்தில் உறுதியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ரத்தத்தில் க்யூ 10 குறைவது பற்றியும் ஒரு விஷயம்: ரத்தத்தில் அது சவாரி செய்வதே பெரும்பாலும் கொலஸ்ட்ராலின் வண்டியில்தான். வண்டி குறைந்தால் ஏறுகிற ஆளும் குறைவாகத்தான் தெரிவார். தசைக்குள் குறைந்துவிட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

பார்க்கின்சன் வியாதியில் நடந்த கதை இன்னும் பாடமானது. 2002-ல் 80 பேரிடம் செய்த சிறிய ஆய்வில், க்யூ 10 வியாதியின் வேகத்தைக் குறைப்பது போலத் தெரிந்தது. உலகமே நம்பிக்கையோடு பார்த்தது. பிறகு 600 பேரிடம், 1200 மற்றும் 2400 மில்லிகிராம் என்று பெரிய அளவில் செய்தார்கள். பயனில்லை என்று 2011-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். பார்க்கின்சனில் மைட்டோகாண்ட்ரியா பழுதாவது உண்மை. அந்த உண்மை மாத்திரையாக மாறவில்லை.

க்யூ 10-க்கு ஆதரவாக உள்ள நல்ல ஆய்வையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் நியாயமில்லை. 2014-ல் வந்தது. இதயம் பலவீனமான 420 பேர், தினமும் 300 மில்லிகிராம், இரண்டு வருடம். இதயம் சம்பந்தமான பெரிய கெடுதல்கள் போலி மாத்திரைக்காரர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு வந்தது, க்யூ 10 சாப்பிட்டவர்களில் 15 பேருக்கு. நல்ல வித்தியாசம்தான். ஆனால் பெரிய ஆய்வு அல்ல, இன்னும் பெரிதாக ஒருமுறை செய்து பார்க்கவேண்டியது. அதைவிட முக்கியம், அந்த 420 பேரும் டாக்டர் கொடுத்த மற்ற மருந்துகளை நிறுத்தவில்லை. அவற்றோடு சேர்த்துத்தான் சாப்பிட்டார்கள். நல்ல செய்தியைப் பரப்புகிறவர்கள் இந்த வரியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

நம் தொழில் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு லைனில் போதுமான கனத்தில் கம்பி இருக்கிறது. அதன் பக்கத்தில் இன்னொரு கம்பி இழுத்தால் உங்கள் வீட்டு பல்பு கூடுதலாக எரியுமா? எரியாது. கம்பி அறுந்த இடத்தில் இழுத்தால்தான் எரியும். பிறவியிலேயே க்யூ 10 தயாரிக்க முடியாத அபூர்வமான குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு இது கம்பி இழுப்பது போலப் பலன் தருகிறது. மற்றவர்களுக்கு நம் உடம்பே தனக்கு வேண்டியதைத் தயாரித்துக்கொள்கிறது. சாப்பாட்டிலிருந்தும் தினமும் 3 முதல் 6 மில்லிகிராம் வருகிறது. மத்தி, அயிலை, ஆட்டு ஈரல், வேர்க்கடலை, எள் எல்லாவற்றிலும் உண்டு.

"வயசானா குறையுது இல்லீங்களா?" என்று கேட்பார்கள். குறைகிறது. எண்பது வயது இதயத்தில் இருபது வயது இதயத்தில் இருந்ததில் பாதிதான் இருக்கும் என்று அளந்திருக்கிறார்கள். ஆனால் குறைவதால் வயதாகிறதா, வயதாவதால் குறைகிறதா? மின்நிலையங்களே குறைந்து போனால் அங்கே வேலை செய்கிற ஆட்களும் குறையத்தான் செய்வார்கள். ஆளை மட்டும் கூட்டி என்ன பயன்? நிலையத்தையே கூட்டுவதற்கு ஒரு வழி 1967-லேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் ஜான் ஹோலோசி என்பவர் எலிகளைத் தினமும் ஓடவிட்டுப் பார்த்தார். தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் வேலைத்திறன் இரண்டு மடங்கானது. மனிதர்களுக்கும் நடை, ஓட்டத்தில் மைட்டோகாண்ட்ரியா கூடுகிறது, நம் வயதிலும் கூட. ரேஸ் கோர்ஸ் இரண்டு சுற்றுக்கு யாரும் காசு கேட்பதில்லை.

"கெடுதல் இல்லாட்டி போட்டுட்டுப் போகட்டுமே, காசு நம்ம காசுதானே?" என்பது அடுத்த வாதம். பெரும்பாலோருக்குப் பெரிய கெடுதல் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிலருக்கு வயிற்றுக் கோளாறு, தூக்கக் குறைவு, அவ்வளவுதான். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கவனிக்கவேண்டும். க்யூ 10-ன் உருவம் வைட்டமின் கே-யை ஒத்தது, வார்ஃபரினின் வேலையைக் குறைத்துவிடலாம். பிரஷர் மாத்திரை போடுகிறவர்களும் டாக்டரிடம் சொல்லவேண்டும். காசு என்று பார்த்தால் மாதம் 1,440, வருடம் 17,280 ரூபாய். குடும்ப பென்ஷனில் இருக்கும் ஒரு விதவைக்கு அது சின்னத் தொகையா? அந்தக் காசில் கண், பல், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்துவிடலாம். அட்டையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். சட்டப்படி அப்படிப் போட்டாக வேண்டும். கடைக்காரர் வாய் சொல்வது ஒன்று, அட்டை சொல்வது ஒன்று.

எனக்குக் காசைவிடப் பெரிய கவலை வேறு. கேப்சூல் வந்ததும் 'கவனித்துவிட்டோம்' என்ற திருப்தி வந்துவிடுகிறது. வலியைப் பற்றி டாக்டரிடம் போய்ச் சொல்வது நின்றுவிடுகிறது. மாப்பிள்ளை வீட்டில் நடந்தது அதுதான். அந்த கேப்சூல் அவருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அது உட்கார்ந்த இடம்தான் கெடுதல்.

ஆகவே நண்பரே, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. கொலஸ்ட்ரால் மாத்திரையை ஒரு நாளும் தானாக நிறுத்தாதீர்கள். கால் வலித்தால் வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். அவரிடம் வழிகள் உண்டு. அளவைக் குறைப்பார், வேறு ஸ்டாடின் மாற்றுவார், எஸெட்டிமைப் போல வேறு வகை மருந்து சேர்ப்பார், தைராய்டும் வைட்டமின் டி-யும் பார்ப்பார். வலி கடுமையாகி, சிறுநீர் கறுத்துப் போனால் அன்றே ஓடுங்கள். க்யூ 10 சாப்பிட்டே தீருவேன் என்றால், அதையும் அவரிடம் காட்டிவிட்டு, மற்ற மாத்திரைகளோடு சேர்த்து, சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுங்கள், ஏனென்றால் கொழுப்போடு சேர்ந்தால்தான் அது உடம்பில் சேரும். இரண்டு மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். அதை நிறுத்த யாரையும் கேட்கவேண்டாம்.

என்னைப் போல நாலு எழுத்து படித்தவர்களுக்கு இன்னொரு வார்த்தை. ஒரு பொருள் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால், அதை விழுங்கினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிட்டதாக நமக்கு ஒரு மயக்கம் வரும். இரண்டும் வேறு. மெஷினின் வரைபடத்தைப் படித்தவனை யாரும் காடம்பாறையில் கண்ட்ரோல் ரூமில் உட்காரவைக்க மாட்டார்கள். நான் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் ஸ்விட்சில் கை வைத்தேன்.

மாப்பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறார். வேறு ஸ்டாடின், குறைந்த அளவில், கூடவே எஸெட்டிமைப், தைராய்டு மாத்திரை. மாடிப்படி ஏறுகிறார். அன்றைக்கு ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "விடுங்க மச்சான், நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் உடம்பைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. டாக்டரிடம்தான் கேட்கிறார். அது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.